வீட்டுவண்டியில் நிரந்தரக் குடித்தனம்: உறுத்தலைக் கண்டறிந்து சரிசெய்யும் வழிமுறை

வேறொரு வண்டியால் இழுத்துச் செல்லும் 30 அடி நீள வீட்டுவண்டியில், அதாவது டிராவல் டிரெய்லரில், நாங்கள் குடியேறி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முதல் மாதமே திரைச்சீலை தைத்தேன், மெத்தை விரிப்பை மாற்றினேன், சுவரில் படம் மாட்டினேன். அப்படியும் உள்ளே நுழைந்தால் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஈரம், வாடை, ஆட்டம், சத்தம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்யத் தொடங்கிய பிறகுதான் அந்த உறுத்தல் அடங்கியது. அலங்காரம் அதற்குப் பிறகுதான் கண்ணுக்கே தெரிந்தது.

அமெரிக்காவில் ஆர்வி என்று அழைக்கப்படும் இந்த வண்டிகளில் பெரும்பாலானவை இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் தயாராகின்றன. விடுமுறையில் சில வாரம் தங்கிவிட்டுத் திரும்புகிறவர்களை மனத்தில் வைத்தே பல வண்டிகளைக் கட்டுகிறார்கள். அதில் ஆண்டு முழுவதும் சமைத்து, குளித்து, துணி உலர்த்தி வாழ்ந்தால் சில கோளாறுகள் வரத்தான் செய்யும். உங்களுக்கு எது உறுத்துகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஈரம் பற்றிய முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

காலையில் கண்ணாடியில் நீர் வழிகிறது. மெத்தையின் அடி சில்லென்று இருக்கிறது

மற்ற கோளாறுகள் தொல்லை தருபவை. இது வண்டியையே அழுகச் செய்வது.

ஆரிகன் மாநிலக் கடற்கரையில், நியூபோர்ட் அருகே ஒரு ஜனவரி மாதம். விரிப்பு மாற்றுவதற்காக மெத்தையின் ஓரத்தைத் தூக்கிய என் கணவர் அப்படியே நின்றுவிட்டார். "இங்கே வந்து பார்" என்றார். மெத்தையின் அடித்துணி முழுக்கக் கடுகைச் சிதறியது போலக் கரும்புள்ளிகள். கீழே இருந்த பிளைவுட்டில் விரலை வைத்தால் ஈரம் ஒட்டியது. தோளும் இடுப்பும் அழுந்தும் இடங்களில் மட்டும் பலகை கறுத்து, இரண்டு பேர் படுத்திருந்த தடம் அச்சு எடுத்தது போலத் தெரிந்தது.

இருவர் உறங்கும்போது மூச்சிலும் வியர்வையிலுமாக ஓர் இரவில் அரை லிட்டருக்கும் மேல் நீர் வெளியேறுகிறது. அதில் ஒரு பகுதி மெத்தைக்குள் இறங்கி, அடியில் உள்ள குளிர்ந்த பலகையைத் தொட்டதும் நீராகிவிடுகிறது. காற்றுப் புக வழியில்லாததால் உலர்வதில்லை. ஜன்னலில் நடப்பதும் இதேதான். உள்ளே 70 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 55 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் கோக்கும். ஒற்றைக் கண்ணாடியும் அலுமினியச் சட்டமும் கொண்ட ஜன்னல் குளிர்கால இரவில் அந்த அளவுக்குச் சுலபமாகக் குளிர்ந்துவிடும். ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்கு இறக்கினால் அதே ஜன்னல் 45 டிகிரி வரை உலர்ந்தே இருக்கும்.

ஆகவே முதலில் ஓர் ஈரப்பதமானி வாங்கிப் படுக்கையருகே வையுங்கள். எழுந்ததும் எண்ணைப் பாருங்கள். 40 முதல் 50 வரை இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும்.

எங்கள் வண்டியில் பெரும்பங்கு சமையலறையிலிருந்து வந்தது. சோறு வடிப்பது, குக்கர் ஆவி, இட்லிப் பானை எல்லாமே ஈரம்தான். போதாததற்கு, சமையல் வாயுவான புரொப்பேன் எரியும்போது தானே நீரை உண்டாக்குகிறது: 1 கிலோ வாயு எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி. குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்து உட்காருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஈரம் சேர்வது ஒருபுறம் இருக்க, கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து. வண்டியோடு வரும் வாயு ஹீட்டரான ஃபர்னஸின் புகை வெளியே போய்விடும், அதனால் அது ஈரம் சேர்க்காது. புகைபோக்கி இல்லாத புரொப்பேன் ஹீட்டர்கள் அத்தனை நீராவியையும் உள்ளேயே விடும்.

சமைக்கும்போதும் குளித்த பிறகும் கூரை மின்விசிறியை ஓட விட்டு, வண்டியின் மறுமுனையில் ஒரு ஜன்னலை இரண்டு விரல்கடை திறந்து வையுங்கள். மழை பெய்யும்போது திறப்பதா என்று தோன்றும். குளிர்ந்த காற்றால் அதிக நீரைத் தாங்க முடியாது. அது உள்ளே வந்து சூடானதும் உலர்ந்த காற்றாகிவிடும். எனவே மழை நாளிலும் இந்த வழி பலிக்கும். பிறகு ஓர் ஈரநீக்கி. கம்ப்ரசர் இல்லாமல் மின்தகட்டால் குளிர்விக்கும், கைக்கு அடக்கமான பெல்டியர் வகையில் பணத்தைப் போடாதீர்கள், இரண்டு பேர் வாழும் வண்டிக்கு அது ஈடுகொடுக்காது. கம்ப்ரசர் உள்ளது வாங்குங்கள். வண்டிக்குள் குளிர் அதிகம் என்றால், ஈரத்தை உறிஞ்சும் பொருள் கொண்ட டெசிகன்ட் வகை பொருந்தும்.

மெத்தையை எப்படியாவது பலகையிலிருந்து ஓர் அங்குலம் உயர்த்துங்கள். மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கலாம், காற்று ஊடுருவும் பின்னல் விரிப்பும் போடலாம். துணி அலமாரியில் வெளிச்சுவரை ஒட்டித் துணிகளை அடுக்க வேண்டாம். நான் அலமாரிக் கதவுகளையே கழற்றிவிட்டு மதுரைச் சுங்குடிச் சேலையில் திரை தைத்துத் தொங்கவிட்டேன். உள்ளே காற்று போய்வருகிறது. அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும் அந்தத் திரைதான் இன்று வண்டிக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது.

இத்தனையும் செய்த பிறகும் ஒரே இடத்தில் மட்டும், குறிப்பாகக் கூரை மூலையிலோ ஜன்னலின் கீழோ, ஈரம் தங்கினால் அது ஒழுக்கு. மழைக்குப் பிறகு அந்த இடத்தை அழுத்திப் பாருங்கள். சுவர் மெத்தென்று அமுங்கினால் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். கூரையில் விசிறி, குழாய், விளக்கு பொருத்திய இடங்களைச் சுற்றியுள்ள பூச்சு வெடித்திருக்கும். அந்தக் கூரைக்கென்றே விற்கும், தானே பரவிப் படியும் சீலன்ட்டை (ஒழுக்கு அடைக்கும் பசையை) இடுங்கள். வீட்டுக்குப் பயன்படும் சிலிக்கானைப் பூசினால் அதன்மேல் பிறகு வேறெதுவும் ஒழுங்காக ஒட்டாது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது கூரையைச் சுற்றிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

உள்ளே நாற்றம் அடிக்கிறது

எந்த வகை நாற்றம் என்று நின்று முகர்ந்து பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

அழுகிய முட்டை வாடை என்றால் முதல் சந்தேகம் புரொப்பேன்மீது இருக்கட்டும். கசிவு தெரிய வேண்டும் என்றே அந்த வாடையை அதில் கலக்கிறார்கள். எந்தச் சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியேறி, சிலிண்டர் வால்வை மூடுங்கள். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். கசிவு காட்டும் கருவியைத் தரையருகே பொருத்தியிருப்பது அதனால்தான். அந்தக் கருவிக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கும் காலாவதித் தேதி உண்டு. பழைய வண்டி வாங்கியவர்கள் இன்றே பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

அதே வாடை வெந்நீர்க் குழாயைத் திறந்தால் மட்டும் வருகிறதா? அப்படியானால் வாட்டர் ஹீட்டரைப் பாருங்கள். எஃகுத் தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே மெக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். நீரில் உள்ள சில பாக்டீரியாக்களும் அந்தக் கம்பியும் சேர்ந்தால் இந்த வாடை பிறக்கும். ஹீட்டரை அணைத்து, நீர் ஆறி, அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே தொட்டியைத் திறந்து வடியுங்கள். பிறகு நன்னீர்த் தொட்டியில் ஒவ்வொரு 15 கேலனுக்கும் கால் கப் வாசனை சேர்க்காத பிளீச் என்ற கணக்கில் கலந்து, எல்லாக் குழாய்களிலும் ஓடவிட்டு, ஓர் இரவு விட்டு, வாடை போகும்வரை அலசுங்கள். மறுபடியும் வந்தால் மெக்னீசியத்துக்குப் பதில் அலுமினியம்-துத்தநாகக் கம்பி போடலாம். அலுமினியத் தொட்டி உள்ள ஹீட்டர்களுக்கு இந்தக் கம்பியே கிடையாது.

சாக்கடை வாடையை நாங்கள் அரிசோனாவில்தான் சந்தித்தோம். ஆரிகன் ஈரத்துக்குப் பயந்து மறு குளிர்காலத்தில் குவார்ட்சைட் பாலைவனத்துக்குப் போனோம். அங்கே லா போசா என்ற பொதுநிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்டகாலம் தங்க அனுமதி உண்டு. ஈரத் தொல்லை தீர்ந்தது. ஆனால் பத்து நாளில் குளியலறையில் நாற்றம். காரணம் எளிது: வண்டிக்கு அடியிலுள்ள கழிவுத் தொட்டியின் காற்று மேலே வராமல் தடுப்பது வடிகாலுக்குக் கீழே வளைந்த குழாயில் தேங்கி நிற்கும் நீர்தான். பாலைவனக் காற்றில் அது வற்றிவிடுகிறது. பயன்படுத்தாத ஒவ்வொரு வடிகாலிலும் வாரம் ஒருமுறை ஒரு குவளை நீர் ஊற்றினால் போதும்.

கழிவறையில் நீர் தள்ளும் நேரத்தில் மட்டும் வாடை வந்தால் குளியலறை மின்விசிறியை அணைத்துவிட்டுத் தள்ளுங்கள். ஓடும் விசிறி தொட்டிக் காற்றையே மேலே இழுக்கும். கிண்ணத்தில் நீர் நிற்காமல் மெல்ல இறங்கினால் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறது. கழிவறைத் தொட்டியின் வால்வை எப்போதும் மூடி வைத்து, முக்கால்வாசி நிறைந்த பிறகு திறந்துவிடுங்கள். நீரைத் தாராளமாக விடுங்கள். வால்வைத் திறந்தே வைத்தால் நீர் ஓடிவிடும், கெட்டியானது குவிந்து இறுகிவிடும்.

சிங்க்கில் புளித்த வாடை வந்தால் அது நம் சாப்பாட்டின் வாடை. கழுநீரின் மாவும் குழம்பின் எண்ணெயும் கழுவுநீர்த் தொட்டியில் தங்கிப் புளிக்கின்றன. பாத்திரத்தைக் கழுவும் முன் காகிதத்தால் வழித்துவிடுங்கள். தாளிப்பு நெடி உள்ளேயே சுற்றினால் வெளியே போய், அடுப்புக்கு மேலுள்ள புகைவழியின் மூடியைப் பாருங்கள். ஓட்டத்தில் படபடக்காமல் இருக்க அதில் சின்னப் பூட்டுத் தாள்கள் வைத்திருப்பார்கள். பலர் அவற்றைத் திறப்பதே இல்லை. நாங்களும் ஓராண்டு திறக்கவில்லை.

புது வண்டியில் கண்ணும் தொண்டையும் எரிந்தால் ஃபார்மால்டிஹைடைச் சந்தேகிக்க வேண்டும். பலகைகளை ஒட்டும் பசையிலிருந்து வரும் வாயு அது. 2005-ல் கத்ரீனா புயலால் வீடிழந்தவர்களுக்கு அமெரிக்க அரசு டிரெய்லர்கள் கொடுத்தது. நோய்க் கட்டுப்பாட்டு மையம் அவற்றில் 519-ஐச் சோதித்தபோது சராசரியாக நூறு கோடியில் 77 பங்கு ஃபார்மால்டிஹைடு இருந்தது. இப்போது இத்தகைய பலகைகளுக்கு நாடு முழுவதற்கும் வரம்பு இருக்கிறது. ஆனாலும் வெப்பமும் ஈரமும் கூடினால் வாயுவும் கூடும். முதல் சில மாதம் வண்டியை நன்றாகக் காற்றாட விடுங்கள். மலிவான துகள்பலகை அலமாரிகளை வாங்கிப் புதிதாக அந்த வாயுவை உள்ளே சேர்க்காதீர்கள்.

சமைக்கத் தொடங்கினால் மின்சாரம் போகிறது

வண்டியை நிறுத்தும் முகாமில் 30 ஆம்பியர் இணைப்பு என்றால் உங்களுக்குக் கிடைப்பது 120 வோல்ட்டில் 3,600 வாட், அவ்வளவுதான். கூரை ஏசி ஓடும்போது சுமார் 13 ஆம்பியர், வாட்டர் ஹீட்டரின் மின்சூடேற்றி 12, மைக்ரோவேவ் 12, இன்டக்ஷன் அடுப்பை உச்சத்தில் வைத்தால் 15. இவற்றில் எந்த மூன்றைச் சேர்த்தாலும் 30-ஐத் தாண்டிவிடும். வாட்டர் ஹீட்டரை வாயுவுக்கு மாற்றுவதுதான் முதல் தீர்வு. அதற்கென்று தனிச் சுவிட்ச் இருக்கும். பிறகு இன்டக்ஷனை 900 வாட்டுக்கு இறக்கிப் பாருங்கள். சாம்பார் கொதிக்க அதுவே போதும். 50 ஆம்பியர் இணைப்பு வெறும் 20 கூடுதல் இல்லை. இரண்டு தனிக் கம்பிகள் வழியாக மொத்தம் 12,000 வாட் தருவது. வண்டி வாங்கும் முன் எங்களுக்கு இது தெரியாமல் போனது.

பிரேக்கர் விழாமலேயே ஏசி முனகினால் வோல்ட்மீட்டரைச் செருகுங்கள். கோடை மாலையில் முகாமில் எல்லோரும் ஏசி போடும்போது மின்னழுத்தம் சரியும். 108 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஏசியை நிறுத்திவிடுங்கள். வெளியே செருகும் பிளக்கின் உலோகக் கால்கள் கறுத்திருந்தாலோ தொட்டால் சுட்டாலோ அன்றே பிளக்கை மாற்ற வேண்டும். அது தீ விபத்தின் முதல் அறிகுறி.

ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்சியோடு போராட வேண்டாம். 110 வோல்ட் மிக்சியும் கிரைண்டரும் அமெரிக்காவிலேயே கிடைக்கின்றன. குளிரில் மாவு பொங்கவில்லை என்றால், அணைத்து வைத்த மைக்ரோவேவுக்குள் ஒரு குவளை வெந்நீரோடு பாத்திரத்தை வைத்துக் கதவை மூடுங்கள். படுக்கும் முன் வெந்நீரை ஒருமுறை மாற்றினால் காலையில் பொங்கியிருக்கும். மறுநாள் பயணம் என்றால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்ற வேண்டாம்.

உறைபனிக் காலையில் குழாயில் நீர் வரவில்லை

வாயுவை மிச்சம் பிடிக்க மின்ஹீட்டர் மட்டும் போட்டுப் படுத்தீர்களா? பல வண்டிகளில் ஃபர்னஸின் வெப்பக்காற்றில் ஒரு பகுதிதான் தரைக்கு அடியில் ஓடும் குழாய்களையும் தொட்டிகளையும் காக்கிறது. மின்ஹீட்டர் அறையை மட்டும் சூடாக்கும். உறைபனி இரவில் ஃபர்னஸும் இடையிடையே ஓட வேண்டும். சிங்க்கின் கீழுள்ள கதவுகளைத் திறந்து வையுங்கள், வெளிக் குழாயைக் கழற்றி வடித்துவிட்டு நன்னீர்த் தொட்டியிலிருந்து நீர் எடுங்கள்.

நடந்தால் ஆடுகிறது, இரவில் பம்ப் தடதடக்கிறது

நான்கு மூலைகளில் இறக்கும் ஜாக்கிகள் பெரும்பாலும் வண்டியைத் தாங்கிப் பிடிக்க மட்டுமே, தூக்கி மட்டப்படுத்த அல்ல. மட்டத்தைச் சக்கரத்தின் கீழ் பலகை வைத்துச் சரிசெய்த பிறகே ஜாக்கியை இறக்குங்கள். இரட்டைச் சக்கரங்களுக்கு இடையே திருகி இறுக்கும் கட்டை போட்டால் முன்பின் ஆட்டம் பெருமளவு நிற்கும். பம்ப் சத்தத்துக்கு அதன் அடியில் ரப்பர் துண்டு வைத்து, இருபுறமும் வளையும் குழாய் போடுங்கள்.

மாட்டியதெல்லாம் விழுகிறது

உட்சுவர் பெரும்பாலும் வினைல் தாள் ஒட்டிய மெல்லிய பிளைவுட். ஆணி பிடிக்காது. ஒட்டும் கொக்கியை மாட்டும் முன் சுவரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். சமையலறைச் சுத்திகரிப்பான்கள் வழவழப்பை விட்டுச் செல்லும். 30 விநாடி அழுத்திப் பிடித்து, ஒரு மணி நேரம் கழித்தே படத்தைத் தொங்கவிடுங்கள். கண்ணாடிச் சட்டம் வேண்டாம், துணியில் அச்சிட்ட படம் போதும். கனமான பொருளை அலமாரியின் மரச்சட்டத்தில் திருகுங்கள். தரையில் மட்டும் துளை போடாதீர்கள், அடியில் மின்கம்பியும் வாயுக் குழாயும் ஓடக்கூடும்.

சாமான்களை மாற்றி அடுக்கிய பிறகு, நெடுஞ்சாலையில் பின்பக்கம் அலைகிறது

உடனே வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுவைக் கொக்கியில் இறங்க வேண்டும். பின்பக்கம் கனத்தால் அந்தப் பங்கு குறைந்து வண்டி வால் ஆட்டத் தொடங்கும். எங்களுக்கு இது நடந்தது கல் கிரைண்டரையும் அரிசி மூட்டைகளையும் புத்தகங்களையும் பின்படுக்கையின் கீழே வைத்த வாரத்தில்தான். இப்போது கனமானவை எல்லாம் சக்கர அச்சுக்கு மேலோ சற்று முன்னாலோ, தரையை ஒட்டி இருக்கின்றன.

கதவருகே மஞ்சள் ஸ்டிக்கரில் எத்தனை பவுண்டு சரக்கு ஏற்றலாம் என்று அச்சிட்டிருக்கும். ஒரு கேலன் நீர் 8.34 பவுண்டு. 40 கேலன் தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பினாலே 330 பவுண்டுக்கு மேல் போய்விடும். லாரி நிறுத்தங்களில் எடைமேடை இருக்கிறது. முழுக் குடித்தனத்தோடும் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். புது அலமாரியோ கல் பதித்த மேடையோ செய்வதற்கு முன் பாருங்கள், செய்த பிறகு அல்ல.

எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனாலும் விடுதி அறை போல இருக்கிறது

முதலில் விளக்கைப் பாருங்கள். வெளிறிய வெள்ளை 12 வோல்ட் எல்இடிகளைக் கழற்றி 2700 கெல்வின் மஞ்சள் ஒளிக்கு மாற்றினோம். அன்று மாலையே அறை வேறாக இருந்தது. சுவருக்கு வண்ணம் பூசுவதென்றால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, மெல்ல உப்புத்தாள் தேய்த்து, வினைலில் பிடிக்கும் பிரைமர் அடித்த பிறகே பூசுங்கள். இல்லையென்றால் தோலாக உரியும். படுக்கை விரிப்பு சுருண்டுகொண்டே இருந்தால் மெத்தையை அளந்து பாருங்கள். வண்டியின் குவீன் மெத்தை பெரும்பாலும் 60-க்கு 75 அங்குலம், வீட்டுக்கானது 60-க்கு 80.

இருவரும் வீட்டிலிருந்தே வேலை செய்தால் கதவுக்கு ஈடாக ஏதாவது வேண்டும். எங்களுக்குக் கனமான ஜமக்காளம் ஒன்று குறுக்கே தொங்குகிறது. அது மூடியிருந்தால் பேச்சுக் கொடுப்பதில்லை என்று ஓர் ஒப்பந்தம். படுக்கையருகே சிவப்புக் கைப்பிடி உள்ள ஜன்னல் ஆபத்தில் தப்பிக்கும் வழி. திரையை அதன்மேல் தைத்து மூடவோ, முன்னால் அலமாரி வைக்கவோ கூடாது. சாமி அலமாரியில் பேட்டரி விளக்குத்தான் எரிகிறது. திரியும் எண்ணெயுமாக ஏற்ற வேண்டும் என்றால் வெளியே மேசையில் ஏற்றுகிறேன்.

வாசல்தான் கடைசிவரை உறுத்தியது. முகாம் நிலம் முழுக்கச் சரளைக்கல், கோலம் போட இடமில்லை. இரண்டடிச் சதுர பிளைவுட்டில் காவி வண்ணம் அடித்து, படிக்கட்டின் கீழே வைத்துக் காலையில் அதில் கோலம் போடுகிறேன். புது இடத்தில் சக்கரத்துக்குக் கட்டை வைத்ததும் முதலில் இறங்குவது அதுதான். இரவில் பனி இறங்கியிருந்தால் துடைத்து வெயிலில் உலர்த்தி எடுத்து வையுங்கள். ஈரப் பலகையைப் படுக்கைக்குக் கீழே தள்ளிவிடாதீர்கள்.